புதுப்பிப்பு: கீமோவுக்குப் பின் வீட்டிலிருந்தே கண்காணிப்பு

கீமோதெரபி பெற்று வீடு திரும்பிய அம்மாவைச் செயலி வழியாகக் கண்காணிப்பதால் பயன் உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். அதன் பிறகு அறிந்ததை இங்கே சேர்க்கிறேன்.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் 766 புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வலி, குமட்டல், மூச்சுத்திணறல் உள்ளிட்ட 12 அறிகுறிகளை இணையம் வழியே தாங்களே பதிவு செய்தவர்களின் இடைநிலை உயிர்வாழ்வுக் காலம் (பாதிப்பேர் அதைத் தாண்டி வாழ்ந்த அளவு) 31.2 மாதங்களாகவும், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 26 மாதங்களாகவும் இருந்ததென 2017இல் முடிவு வெளியானது. ஓர் அறிகுறி கடுமையானதும் செவிலியருக்கு மின்னஞ்சல் சென்றுவிடும் ஏற்பாட்டையே அதன் உயிர்நாடியாக நான் கருதுகிறேன்.

அம்மாவின் கைப்பட்டை நாடித்துடிப்பை ஓயாமல் எண்ணுகிறது. என்றாலும் சென்ற வாரம் நள்ளிரவில் 100.4 டிகிரி காய்ச்சலைக் காட்டியது தலையணையருகே வைத்திருந்த வெப்பமானிதான். கீமோவால் நோய்த்தொற்றை எதிர்க்கும் இரத்த வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் அந்த அளவே அவசரநிலை என்பதால், விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு விரைந்தோம்.