மறு: வேஃபைண்டிங் – வழிகாட்டலா, வழியறிதலா?

நண்பர்களுக்கு வணக்கம். வேஃபைண்டிங் (wayfinding) என்பது பலகை, வரைபடம், அடையாளங்களைக் கொண்டு ஒருவர் தன் வழியைத் தானே கண்டுகொண்டு போவது. அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்பதுதான் இந்த இழையின் பேச்சு. நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்:

> 'வழிகாட்டல்' இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

போதாது ஐயா. வழிகாட்டல் என்றதும் வேலைவாய்ப்பு வழிகாட்டல், கல்வி வழிகாட்டல் என்றுதான் மனம் போகிறது. இன்னொன்று, அந்தச் சொல்லில் வேலை செய்வது பலகை. நடப்பவர் சும்மா நிற்கிறார். 1960-இல் அமெரிக்க நகரத் திட்ட அறிஞர் கெவின் லிஞ்ச் இதைப் பற்றி எழுதியபோது பலகையை மட்டும் பேசவில்லை. பாதை, விளிம்பு, வட்டாரம், சந்திப்பு, அடையாளம் என்று எதையெல்லாம் பிடித்துக்கொண்டு மனிதர்கள் தங்கள் ஊரை மனதில் வரைந்துகொள்கிறார்கள் என்று பேசினார்.

தர்மபுரியில் யாரிடம் வழி கேட்டாலும் 'முதல்ல நாலு ரோட்டுக்குப் போங்க' என்பார்கள். லிஞ்ச் சொன்ன சந்திப்பு அதுதான். ஆனால் நெடுஞ்சாலைப் பலகைகள் சேலத்தையும் பெங்களூரையும் சொல்லும், வண்டிக்காரருக்காக. பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியை அவை ஏன் சொல்லப்போகின்றன? எவ்வளவு தூரம் என்று தெரியாவிட்டால் எல்லாமே தூரம்தான், ஆட்டோவைக் கைகாட்டிவிடுகிறோம். லண்டனில் 2007-இல் பாண்ட் தெருப் பக்கம் சோதனையாகத் தொடங்கிய, நடப்பவர்களுக்கான நடைப்பலகைகள் இந்தக் குறையைத்தான் பிடித்தன. வரைபடத்தில் வடக்கை மேலே வைக்காமல், நீங்கள் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்களோ அந்தப் பக்கத்தை மேலே வைத்தார்கள். ஐந்து நிமிட நடையில் எவ்வளவு தூரம் எட்டலாம் என்று ஒரு வட்டமும் போட்டார்கள்.

நம் மாவட்டத்துச் சான்று இதைவிடப் பழையது. தர்மபுரிப் பக்கம் கிடைத்த 13-ஆம் நூற்றாண்டுக் காதக் கல்லில் (காதம் என்பது பழைய தூர அளவு; இன்றைய மைல்கல் போன்றது இந்தக் கல்) 'அதியமான் பெருவழி' என்று சாலையின் பெயரும், நாவல்தாவளம் என்ற ஊருக்கு 29 காதம் என்ற தூரமும் வெட்டியிருக்கிறது. கூடவே இரண்டு பெரிய குழிகள், ஒன்பது சிறிய குழிகள். பெரியது பத்து, சிறியது ஒன்று. எழுத்து தெரியாதவரும் எண்ணிக்கொள்ளலாம். இருட்டில் தடவியும் எண்ணலாம். 1965-இல் ஜப்பானில் செய்இச்சி மியாகே பார்வையற்றோருக்காக உருவாக்கிய மேடுவைத்த டைல்ஸும் இதே வேலைதான். நீளக் கோடு என்றால் நடக்கலாம், புள்ளி என்றால் நின்று கவனிக்கணும். ரயில் நிலையங்களில் மஞ்சளாகப் பார்த்திருப்பீர்கள். அங்கே யாரும் காட்டவில்லை, கால் அறிந்துகொள்கிறது. 'காட்டல்' வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

> 'ஆற்றுப்படுத்தல்' என்ற அழகான பழஞ்சொல் இருக்கிறதே?

அழகுதான். சங்க இலக்கியமான மலைபடுகடாம் கூத்தருக்கு வழி சொல்லும்போது எங்கே ஆபத்து, எங்கே சோறு கிடைக்கும் என்பது வரை சொல்கிறது. எந்த நகராட்சியும் அவ்வளவு செய்யாது! ஆனால் ஆறு என்றால் வழி என்று இன்று எத்தனை பேருக்குத் தோன்றும்? இலங்கையில் அந்தச் சொல் மனநல ஆலோசனைப் பக்கம் போய்விட்டது. மேலும், அதிலும் ஒருவர் இன்னொருவரை ஆற்றுப்படுத்துகிறார். குறை அப்படியே இருக்கிறது.

என் பரிந்துரை: செயலுக்கு 'வழியறிதல்', அதற்கான ஏற்பாட்டுக்கு 'வழியறி அமைப்பு', அதன் பலகைக்கு 'வழியறி பலகை'.

— தர்மபுரியிலிருந்து

---

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு குறுக்கீடு.

வழியறிதல் சரி, ஏற்கிறேன். 'வழியறி பலகை' வாயில் நிற்கவில்லை; 'வழிப்பலகை' போதும். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய 'நடைப்பலகை' மட்டும் வேண்டாம். சைக்கிளும் சக்கர நாற்காலியும் அதில் விடுபடுகின்றன.

போன வாரம் இந்த இழையில், சக்கரத்தில் போவதற்கு 'சக்கரச்செலவு' என்று ஒருவர் முன்வைத்தார். பழந்தமிழில் செலவு என்றால் பயணம்தான், மறுக்கவில்லை. நகராட்சியில் படித்தால் டெண்டர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

லண்டன் வட்டத்தில் எனக்கு ஒரு சந்தேகம். ஐந்து நிமிடம் என்றால் யாருடைய ஐந்து நிமிடம்? கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் வருபவருக்கு வழியில் இரண்டு படி இருந்தால் அந்த வழியே இல்லை. பலகையில் மீட்டரைப் போடட்டும், படி இருக்கிறதா, சரிவு இருக்கிறதா என்பதையும் போடட்டும். அதற்கும் ஒரு சொல் வேண்டும். 'படியில்லா வழி' என்று வைக்கலாமா? 'படியிலா' என்று இறுக்கிவிடாதீர்கள், பலகையில் படிப்பவருக்குப் புரியணும்.