புதுப்பிப்பு: யூப்பிக் கிராமப் பள்ளியில் பதில் சொல்லாத வகுப்பு, வழி கிடைத்தது

அலாஸ்காவில் குஸ்கோக்விம் ஆற்றோரம் யூப்பிக் என்ற பூர்வகுடி மக்களின் கிராமம் ஒன்றில் ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன், கேள்வி கேட்டால் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "அவசரப்படாமல் முகத்தைப் பாருங்கள்" என்ற யோசனைதான். இங்கே புருவத்தைத் தூக்கினால் ஆமாம், மூக்கைச் சுருக்கினால் இல்லை. கேள்வியைக் கேட்டுவிட்டுப் பலகைப் பக்கம் திரும்பாமல் நின்றேன். கடைசி வரிசைப் பையன் பென்சிலைக் கடித்தபடியே புருவத்தை லேசாகத் தூக்கினான். அப்புறம் ஒவ்வொருவராக. சின்னக் குழுக்களாகப் பேசவிட்டதும் ஓரளவு உதவியது. பரிசு கொடுப்பது எடுபடவில்லை. எல்லார் முன்னாலும் ஒருவரை மட்டும் புகழ்ந்தால் கூசிப்போகிறார்கள்.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. யூப்பிக் எண்முறை இருபதை அடியாகக் கொண்டது, கைவிரல் கால்விரல் எல்லாம் சேர்த்து எண்ணுவது. உதவி ஆசிரியையாக இருக்கும் உள்ளூர்ப் பாட்டி அதைக் கணக்குப் பாடத்தில் நடத்தினார். அன்று வகுப்பே சத்தமாக எண்ணியது! இனி வாரம் ஒரு கணக்கு வகுப்பு அவருடையது. இந்தப் பக்கம் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள், முதல் வாரமே உள்ளூர் உதவி ஆசிரியரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.