விதையை ஈரத்தோடு குளிரில் கிடத்துவதற்கு ஒரு சொல்: 'குளிர்கிடை' சரியா?

குழுவினருக்கு வணக்கம்.

குளிர்தாங்கும் குமிழப் பூக்களின் விதையை எந்த மாதத்தில் விதைப்பது என்று இங்கிலாந்துத் தோட்டங்களை மனத்தில் வைத்துத் தமிழில் ஒரு குறிப்பு எழுதி வருகிறேன். டியூலிப், டாஃபடில், ஸ்னோடிராப், ஃப்ரிட்டில்லேரியா, லில்லி எல்லாம் வருகின்றன. விதையின் உறக்கம் கலைய அதை ஈரத்தோடு குளிரில் கிடத்தும் ஸ்ட்ராட்டிஃபிகேஷனுக்கு நல்ல தமிழ் இல்லாமல் குறிப்பு பாதியில் நிற்கிறது. நான் கேட்டதற்கு இருவர் பதில் எழுதியிருந்தீர்கள், நன்றி. இரண்டையும் ஒட்டியே பேசுகிறேன்.

> 'அடுக்கமைவு' என்பதே நேர்ப்பொருள். இருப்பதை விட்டுவிட்டுப் புதுச்சொல் எதற்கு?

ஐயா, நேர்ப்பொருள் அதுதான், மறுக்கவில்லை. பழைய தோட்டக்காரர்கள் ஒரு பெட்டியில் ஈர மணலைப் பரப்பி, மேலே விதை தூவி, மறுபடி மணல், மறுபடி விதை என்று அடுக்கிக் குளிர்காலம் முழுக்க வெளியே வைத்தார்கள். அந்த அடுக்கே பெயராக நிலைத்துவிட்டது. இன்றைக்குப் பெரும்பாலும் அடுக்குவதில்லை. ஈரம் பிடித்துவைக்கும் வெர்மிகுலைட் என்ற கனிமத் துகளை நனைத்து, அதோடு விதையைக் கலந்து பிளாஸ்டிக் பையில் இட்டு ஃப்ரிட்ஜில் வைக்கிறார்கள். இல்லையென்றால் தொட்டியில் விதைத்து வெளியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

'அடுக்கமைவு' என்று படிப்பவருக்கு ஈரமும் தெரிவதில்லை, குளிரும் தெரிவதில்லை. இதில் ஈரம்தான் முக்கியம். காய்ந்த விதைப் பொட்டலத்தை எத்தனை மாதம் ஃப்ரிட்ஜில் வைத்தாலும் விதை கெடாமல் இருக்குமே தவிர அதன் உறக்கம் கலையாது. நீர் உறிஞ்சிய விதை, உறைநிலைக்குச் சற்று மேலே, சுமார் 1 முதல் 5 டிகிரி செல்சியஸ் குளிரில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும். அப்போதுதான் முளைப்பைத் தடுக்கும் அப்சிசிக் அமிலத்தின் பிடி தளர்ந்து, முளைப்பைத் தூண்டும் ஜிப்ரெல்லின் மேலோங்கும். ஃப்ரீசர் இதற்கு உதவாது, உறைந்துபோன விதைக்குள் இந்த மாற்றம் நடக்காது. ஆகவே, கையாண்ட முறையைச் சொல்லும் பெயரைவிட விதைக்கு நேர்வதைச் சொல்லும் பெயரே படிப்பவருக்கு உதவும்.

> பாடநூலில் 'தட்பப்பதனம்' இருக்கிறதே, அதையே நீட்டிக்கொள்ளலாமே?

அக்கா, அது வெர்னலைசேஷனுக்கு உரிய சொல். பூப்பதற்கு வேண்டிய குளிரைக் குறிப்பது. குளிர்கால ரை தானியத்தில் ஜெர்மன் தாவரவியலாளர் குஸ்தாவ் காஸ்னர் 1918இல் விளக்கியது அதைத்தான். முளைப்பதற்கு வேண்டிய குளிர் வேறு. குமிழச் செடிகளில் இரண்டுமே வருவதால் ஒரே சொல்லைப் போட்டால் குழப்பம் நிச்சயம். டியூலிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். விதை முளைக்க ஒரு குளிர்காலம் வேண்டும். வளர்ந்த குமிழத்திலிருந்து பூந்தண்டு நன்றாக நீளவும் குளிர் வேண்டும். இவற்றுக்கு இடையே ஐந்தாறு ஆண்டுகள் இருக்கின்றன. தட்பப்பதனம் பூவோடு இருக்கட்டும்.

என் முன்மொழிவு 'கிடை'. பொதுச்சொல்லாக ஈரக்கிடை, குளிரில் என்றால் குளிர்கிடை, வெதுவெதுப்பில் என்றால் வெதுகிடை. கிடத்தல் என்ற வினை உள்ளே இருப்பதால் காலம் கழிவதும் புலப்படுகிறது. நம் வயல்களில் ஆட்டுக்கிடை போடுவார்கள். மந்தை சில இரவுகள் தங்கிப் போனபின் நிலம் முன்போல் இருக்காது. குளிரும் விதையில் அப்படித் தங்கித்தான் போகிறது. வாக்கியத்திலும் தடையில்லாமல் ஓடுகிறது: கிடையில் வை, கிடை முடிந்த விதை, கிடை வேண்டாத விதை.

'முளைகட்டல்' என்று ஒரு யோசனை தனிமடலில் வந்தது. நெல்லையும் பயறையும் ஊறவைத்துக் கட்டிவைத்தால் ஓரிரு நாளில் முளை விடும், ஏனென்றால் அவை முளைக்க ஆயத்தமாக இருப்பவை. ஃப்ரிட்டில்லேரியா விதையை அப்படி ஊறவைத்தால் ஊறும், அவ்வளவுதான். அந்தச் சொல் இங்கே பொய்யான நம்பிக்கை தரும்.

இந்தச் சொற்கள் இருந்தால் விதைப்புக் காலத்தை எவ்வளவு சுருக்கமாகச் சொல்லலாம் என்று பாருங்கள். டியூலிப்புக்கும் ஃப்ரிட்டில்லேரியாவுக்கும் குளிர்கிடை வேண்டும். அதனால் செப்டம்பர், அக்டோபரில் தொட்டியில் விதைத்து, மேலே பொடிக்கல் தூவி, எலி புகாமல் வலை மூடி, வெயில் படாத பக்கம் வெளியே வைத்துவிடலாம். கிடையை இங்கிலாந்தின் குளிர்காலமே பார்த்துக்கொள்ளும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள் முளை தெரியும். டியூலிப் முளை முதல் ஆண்டில் புல் போல ஒற்றை இலையோடு வரும், களை என்று பிடுங்கிவிடக் கூடாது. மார்ச்சில் விதைத்தால் கிடைக்கு வேண்டிய குளிர் போதாது; அடுத்த வசந்தம் வரை தொட்டி வெறுமையாகவே இருக்கும்.

ஸ்னோடிராப்புக்கு அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. அதன் காய் கோடைத் தொடக்கத்தில் பழுத்துத் தரையில் சாய்கிறது. விதையின் நுனியில் எறும்புக்கென்றே ஒரு வெண்ணிறக் கொழுப்புச் சதை ஒட்டியிருக்கும், எறும்புகள் அதற்காக விதையை இழுத்துச் செல்லும். அந்த விதையைக் காயவிட்டால் முளைப்புத்திறன் விரைவில் குறையும். எடுத்த கையோடு விதைத்தால் கோடையின் வெதுகிடை முதலில், அதன்பின் குளிர்கிடை, இரண்டும் இயல்பாகவே அமைந்துவிடும். புளூபெல்லும் இதே போக்குதான்: கோடை வெப்பத்தைக் கடந்து, இலையுதிர்காலம் குளிரும்போது வேர் விடும்.

'விதைக்குளிர்ப்பு' என்ற சொல்லை நான் விரும்பாததற்குக் காரணம் மார்ட்டகன் லில்லி. இதில் தரைக்கீழ் முளைப்பு. ஈரத்தோடு 20 டிகிரியில் சுமார் மூன்று மாதம் இருந்தால் விதையிலிருந்து அரிசிமணி அளவுக்கு ஒரு குறுங்குமிழம் உருவாகும், வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு 4 டிகிரி வாக்கில் இன்னொரு மூன்று மாதம். அதன் பின்னரே இலை. குளிர் வரும்போது உள்ளே இருப்பது விதை அன்று, குமிழம். விதைக்குளிர்ப்பு என்றால் அங்கே பிழையாகிவிடும், கிடை பிழையாகாது. விதையை இலையுதிர்காலத்தில் வெளியே விதைப்பவர்கள் முதல் வசந்தத்தில் இலை இல்லை என்று தொட்டியைக் கொட்டிவிடுவதுண்டு. மிகவும் வருத்தமான விஷயம் இது, ஏனென்றால் அந்தக் கோடையில்தான் மண்ணுக்குள் குமிழம் திரள இருக்கிறது. இலை இரண்டாம் வசந்தத்தில் வரும். 'வெதுகிடை முடிந்து குளிர்கிடை முடியும் வரை இலையை எதிர்பார்க்க வேண்டாம்' என்று ஒரு வரி தமிழில் இருந்தால் எத்தனையோ தொட்டிகள் தப்பும்.

ரீகல் லில்லிக்கு இந்தத் தொல்லை ஏதும் இல்லை. சீனத்தின் சிச்சுவானில் மின் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து ஆங்கிலேயச் செடி சேகரிப்பாளர் எர்னெஸ்ட் வில்சன் கொண்டுவந்த பூ. அதற்காகத் திரும்பிப் போன 1910ஆம் ஆண்டுப் பயணத்தில் பாறைச் சரிவில் சிக்கி அவர் கால் முறிந்தது. விதைக்குக் கிடையே வேண்டாம். வசந்தத்தில் விதைத்தால் சில வாரங்களில் தரைமேல் முளைக்கும். லில்லி என்ற ஒரே பெயருக்குள் இவ்வளவு வேறுபாடு இருப்பதால்தான் 'லில்லி விதையை எப்போது விதைப்பது' என்ற கேள்விக்கு ஒரு மாதத்தின் பெயரைச் சொல்லி முடிக்க முடிவதில்லை. எந்தக் கிடை, எந்த வரிசையில் என்று சொன்னால் மாதத்தை அவரவரே கணித்துக்கொள்வார்கள்.

இரண்டு ஐயங்களுக்கு உங்கள் கருத்து வேண்டும். 'கிடையாய்க் கிடக்கிறார்' என்று நோயாளியைச் சொல்கிறோமே, அந்தச் சாயல் உறுத்துமா? எனக்கு உறுத்தவில்லை, ஆனால் யாழ்ப்பாணத்து, மட்டக்களப்பு வழக்கு அறிந்தவர்கள் சொன்னால் நல்லது. மற்றது, வெதுகிடை. வெப்பக்கிடை என்றால் சுடுவதுபோல் தொனிக்கிறது, வெதுகிடை நாவில் சற்றுப் புதிதாக இருக்கிறது. இதைவிட நல்லது இருந்தால் மனமுவந்து ஏற்கிறேன். குளிர்கிடைக்கு எதிர்ப்பு இல்லையென்றால் அதைக் குறிப்பில் சேர்த்து, டியூலிப் பகுதியை முதலில் இங்கே அனுப்புகிறேன். செப்டம்பர் விதைப்புக்கு முன் அது தோட்டக்காரர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

அன்புடன்.