சிரையா, நரம்பா? சொல் தேர்வில் உதவி வேண்டும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கிராமச் சுகாதாரத் தன்னார்வலர்களுக்காக உடலியல் அடிப்படைச் சொற்களை விளக்கும் சிறு கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். இதயத்திலிருந்து இரத்தத்தை வெளியே கொண்டுசெல்வது தமனி, இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது சிரை, மூளைக்கும் உடலுக்கும் இடையே செய்தி கடத்துவது நரம்பு என்று பாடநூல்கள் தெளிவாகவே பிரிக்கின்றன. ஆனால் சென்ற வாரம் குளுக்கோஸ் ஏற்றுவதற்காக என் தாயாரின் புறங்கையைத் தட்டித் தட்டிப் பார்த்த செவிலியர், "நரம்பு கிடைக்கலையே அம்மா" என்றுதான் சொன்னார். காலில் சிரைகள் புடைத்து முறுக்கிக்கொள்ளும் வெரிகோஸ் நோயையும் நாம் 'நரம்பு சுருட்டல்' என்றே சொல்கிறோம்.

'இரத்தக்குழாய்' என்றால் தமனியும் அதில் அடங்கிவிடுகிறது. 'சிரை' என்றால் பலருக்குப் புரிவதில்லை. பயிற்சி அளித்த அனுபவமுள்ள செவிலியர்களும் ஆசிரியர்களும், எந்தச் சொல் கேட்பவருக்கு உடனே விளங்கியது என்று தெரிவித்தால் மிகுந்த நன்றியுடையவனாக இருப்பேன்.