சாமி வந்தவரிடம் "உள்ளே எப்படி இருந்தது" என்று கேட்பது சைக்காலஜியா, இல்லையா?

பாலக்கோடு மாணவி:
எம்.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருடம். எங்கள் ஊர் மாரியம்மன் திருவிழாவில் சாமி வந்து ஆடும் பெண்களிடம், ஆடும்போது உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டுப் பதிவு செய்ய ப்ராஜெக்ட் எழுதிக் கொடுத்தேன். கைடு திருப்பிக் கொடுத்துவிட்டார். நனவையெல்லாம், அதாவது உள்ளே உணர்வதையெல்லாம், தத்துவக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நீ பதற்றம், மன அழுத்தம் என்று அளக்க முடிந்ததை எடு என்கிறார். 1879-இல் ஜெர்மனியின் லைப்சிக்கில் வூண்ட் சைக்காலஜி ஆய்வகம் வைத்ததே நனவை ஆராயத்தானே? எங்கள் பாடத்தில் நனவு என்றால் தூக்கம், கனவு, ஹிப்னாடிசம், போதை, அத்தோடு சரி. மனசைப் படிக்கிற படிப்பில் மனசுக்குள் நடப்பதைக் கேட்கக் கூடாதென்றால் வேறு எங்கே போய்க் கேட்பது?

அரூர் வாத்தியார்:
முப்பது வருடம் இதைத்தான் பாடம் நடத்தினேன் அம்மா. உன் கைடு சொன்ன விதம் சரியில்லை, சொன்ன விஷயம் சரி. வூண்டைச் சொன்னாய், அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் கூல்பேயின் ஆட்கள் அகநோக்கு செய்து, அதாவது தன் மனசுக்குள் நடப்பதைத் தானே கவனித்துச் சொல்லி, படிமமே (மனசில் தோன்றும் காட்சி போன்றது) இல்லாத எண்ணம் உண்டு என்றார்கள். அமெரிக்காவில் டிட்சனரின் ஆட்கள் அதையே செய்து, நன்றாகக் கவனித்தால் ஏதாவது ஒரு படிமமோ உடல் உணர்ச்சியோ இருக்கத்தான் செய்கிறது என்றார்கள். யார் சொல்வது சரி என்று தீர்க்க ஒரு வழியும் இல்லை, ஏனென்றால் ஒருவர் தலைக்குள் இன்னொருவர் போய்ப் பார்க்க முடியாது. அந்தச் சலிப்பில்தான் 1913-இல் வாட்சன் எழுந்து, நடத்தையை மட்டும் படிப்போம் என்றார். உன் பெண்களும் அப்படித்தான். சாமி வந்தவர் எப்படிப் பேசுவார் என்று ஐந்து வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள். நீ கேட்டால் ஊர் சொல்லிக் கொடுத்த பதில் வரும், அவர்கள் அனுபவம் வராது.

பாலக்கோடு மாணவி:
சார், போன ஆடியில் என் பெரியம்மாவுக்குச் சாமி மலையேறினதும் பக்கத்தில் நான்தான் சொம்புத் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளங்கையெல்லாம் மஞ்சள், வேப்பிலையை இன்னும் விடவில்லை. எப்படி இருந்தது என்று கேட்டேன். "பம்பை கிணத்துக்குள்ள இருந்து கேட்ட மாதிரி இருந்துச்சு, காலு என்னுதே இல்ல, ஆனா கல்லு குத்துறது தெரிஞ்சுது" என்றார். குத்துவது தெரிகிறது, கால் தன்னுடையது இல்லை. இதை எந்த ஊர் சொல்லிக் கொடுக்கும்? எங்கள் ஊரில் "ஒண்ணுமே தெரியல" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

அரூர் வாத்தியார்:
கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சாட்சியாக நிற்காது. நிஸ்பெட்டும் வில்சனும் 1977-இல் எழுதியதைப் படித்திருப்பாய். ஒரே மாதிரி நான்கு ஜோடி நைலான் காலுறையை வரிசையாக வைத்து நல்லதை எடுக்கச் சொன்னார்கள், வலது ஓரத்தில் இருந்ததைத்தான் அதிகம் பேர் எடுத்தார்கள். ஏன் என்றால் நெசவு, தரம் என்று காரணம் சொன்னார்களே தவிர, வைத்த இடம் காரணமா என்றதற்கு இல்லவே இல்லை என்றார்கள். தன் மனசு தனக்கே சரியாகத் தெரியாதவரிடம் கேட்டு என்ன ஆய்வு செய்வது?

பாலக்கோடு மாணவி:
அவர்கள் தவறியது "ஏன்" என்ற கேள்வியில் சார். நான் கேட்பது "என்ன". ஏன் சாமி வந்தது என்று பெரியம்மாவைக் கேட்டால் அவர் சொல்வதை நானும் ஆதாரமாக எடுக்க மாட்டேன். 1999-இல் சைமன்ஸும் ஷப்ரிஸும் காட்டிய வீடியோவில், பந்து எறிவதை எண்ணிக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேர் நடுவில் போன கொரில்லா வேஷக்காரரைப் பார்க்கவில்லை என்றார்கள். அவர்கள் சொன்னதை நம்பியதால்தானே அது கண்டுபிடிப்பு ஆனது?

தொப்பூர்க்காரன்:
நான் சைக்காலஜி படித்தவன் இல்லை, லாரி ஓட்டுகிறேன், ஆனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. மூன்று வருடத்துக்கு முன் கணவாய் இறக்கத்தில் அப்பாவின் வண்டியை ஒரு வேன் தட்டிவிட்டது, தலையில் அடி. ஒரு மருத்துவமனையில் தினமும் மூன்றிலிருந்து பதினைந்துக்குள் ஏதோ ஒரு நம்பர் எழுதினார்கள், கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, கையைக் காலை அசைக்கிறாரா என்று பார்த்துப் போடுவதாம். அவருக்கு எதிரிலேயே "இவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றார்கள். நாங்களும் கட்டில் பக்கத்தில் நின்றே செலவுக்கு மாட்டை விற்பதா வேண்டாமா என்று பேசினோம். அவர் வாய் திறந்து இரண்டு நாள் கழித்து முதலில் கேட்டது, "மாட்ட வித்துட்டீங்களா?" ஊகித்துக் கேட்டிருக்கலாம், எனக்கு நிச்சயமில்லை. ஆனால் ஒருவர் உள்ளே இருக்கிறாரா என்பதை யாராவது படித்துத்தானே ஆக வேண்டும்?

பாலக்கோடு மாணவி:
அண்ணா, அதைப் படித்தவர்கள் உண்டு. 2006-இல் ஏட்ரியன் ஓவன் குழு, விபத்தில் அடிபட்டு, எது சொன்னாலும் அதற்கு எந்த அசைவும் காட்டாத 23 வயதுப் பெண்ணை ஸ்கேனில் வைத்து, டென்னிஸ் ஆடுவதாக நினை, வீட்டுக்குள் நடப்பதாக நினை என்று மாற்றி மாற்றிச் சொன்னார்கள். நல்ல நிலையில் இருப்பவர்களுக்கு வரும் அதே மாறுதல் அவர் மூளையிலும் வந்தது. 2010-இல் வந்த ஆய்வில் இப்படி 54 பேரைப் பார்த்து, 5 பேரால் சொன்னபடி மூளையின் செயல்பாட்டை மாற்ற முடிந்தது. எல்லோருக்கும் இல்லை, ஆனால் அந்த 5 பேர் இருந்தார்களே.

அரூர் வாத்தியார்:
தொப்பூர் தம்பி, அப்பா நலமாக இருக்கட்டும். ஆனால் அம்மா, இது என் பக்கத்துச் சாட்சி. அந்தப் பெண் வாயால் எதுவும் சொல்லவில்லை. வெளியிலிருந்து அளந்தார்கள்.

பாலக்கோடு மாணவி:
அந்த அளவுக்கு அர்த்தம் எங்கிருந்து வந்தது சார்? நினைத்துப் பார்த்தேன் என்று வாயால் சொல்லக்கூடியவர்களை முதலில் ஸ்கேன் செய்ததால்தானே. அவர்கள் சொல்லை எடுத்துவிட்டால் மிஞ்சுவது திரையில் ஒரு மஞ்சள் புள்ளி. அதோடு, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11-இல் சாமி, பேய் பிடித்த நிலையை நோய் என்று சொல்வதற்கு அது அவர் விருப்பமில்லாமல் வருவதாக இருக்க வேண்டும், அவர் ஊர், சமயம் ஏற்றுக்கொண்ட வழக்கமாக இருக்கக் கூடாது. விருப்பமா இல்லையா என்பதை அவரைக் கேட்காமல் யார் சொல்வது?

அரூர் வாத்தியார்:
அந்த ஸ்கேன் விஷயத்தை யோசிக்கிறேன், அதற்கு என்னிடம் உடனே பதில் இல்லை. அகநோக்கை மறுபடி ஆய்வகத்துக்குள் விடக் கூடாது என்பதில் மட்டும் மாற்றமில்லை. நீ செய்வதென்றால் ஒழுங்காகச் செய். பம்பை நின்று பத்து நிமிடத்துக்குள் கேள், ஊர்ப் பெண்கள் சூழ்வதற்கு முன். ஆடுகிறவர்களை ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் விழாமல் தனித்தனியாகக் கேள். "கால் உன்னுடையதா" என்று நீயே எடுத்துக் கொடுக்காதே. ஒரு மாதம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேட்டு, ஊர்ப் பதிலாக மாறிவிட்டதா என்று பார். திருத்தி எழுதி எனக்கும் அனுப்பு, படிக்கிறேன்.

பாலக்கோடு மாணவி:
ஒரு மாதம் கழித்துக் கேட்பது எனக்குத் தோன்றவே இல்லை சார். ஆடி மூன்றாம் வெள்ளி திருவிழா, அதற்குள் எழுதிவிடுகிறேன்.

தொப்பூர்க்காரன்:
தங்கச்சி, அப்பாவையும் கேட்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வாங்க. மாடு இன்னும் இருக்கு.