மூன்று நாளா, ஆறு நாளா? துஷ்யந்தனுக்கு யார் கொடுத்த நற்சான்று

நடுச்சாமம்:
நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார்: "துஷ்யந்தன் மீது எள்ளளவும் குற்றமில்லை, எல்லாம் துர்வாசர் சாபம்." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. துர்வாச முனிவரின் சாபத்தால் அரசன் சகுந்தலையை மறந்தான், மீன் வயிற்றில் கிடைத்த மோதிரத்தைக் கண்டபின்தான் நினைவு வந்தது என்பது காளிதாசர் நாடகத்துக் கதை. மகாபாரத ஆதி பருவத்தில் சாபமும் இல்லை, மோதிரமும் இல்லை, மீனும் இல்லை. நால்வகைப் படையை அனுப்பி உன்னை அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவன் ஒரு நொண்டிக் குதிரையைக்கூட அனுப்பவில்லை. பிள்ளைக்கு ஆறு வயதானபின் அவளே அவைக்கு வந்து நிற்கிறாள். "ஸ்மரன் அபி" என்கிறது மூலம். அதாவது, நினைவிருந்தும். நினைவிருந்தும் "நினைவில்லை" என்கிறான், கெட்ட தபசி என்று ஏசுகிறான். அசரீரி அதட்டியபிறகுதான், எனக்கும் தெரியும், ஊர் சந்தேகப்படுமே என்று பார்த்தேன் என்று குழைகிறான். இந்த ஆளைக் குளிப்பாட்டிப் பன்னீர் தெளித்து மேடையேற்றியவர் காளிதாசர். அழகாகக் குளிப்பாட்டினார், ஒப்புக்கொள்கிறேன். அழுக்கே இருந்ததில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஓலைச்சுவடி:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம், அம்மா. 31 ஆண்டுகள் வகுப்பில் காளிதாசரின் சாகுந்தல நாடகம் நடத்தியவன் நான். இரண்டு வரி படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதுகிறவன் அல்லன். மோதிரத்தை அணிவித்தபோது அரசன் என்ன சொன்னான்? என் பெயரின் எழுத்துகளை நாளுக்கு ஒன்றாக எண்ணு, எண்ணி முடிக்கும்போது அழைத்துப்போக ஆள் வரும் என்றான். பெயரில் மூன்று எழுத்து. கெடு மூன்று நாள். துர்வாசர் வந்ததோ அரசன் புறப்பட்ட அன்றே. வாக்குத் தவறுவதற்கு அவனுக்கு அவகாசமே கிடைக்கவில்லையே!

பச்சைமிளகாய்:
து, ஷ், ய, ந், த, ன். ஆறு. 31 ஆண்டுகள் நடத்திய வகுப்பில் கணக்குப் பாடம் இல்லை போலும்.

ஓலைச்சுவடி:
தம்பி, அவன் பெயரை நன்னூல் பார்த்தா எண்ணுவார்கள்? வடமொழியில் மெய்யைத் தனியாக எண்ணும் வழக்கமில்லை. மூன்று.

மழைக்காகம்:
ஒரு சின்னச் சந்தேகம். நாம் பேசுவது பாரதத்துத் துஷ்யந்தனையா, நாடகத்துத் துஷ்யந்தனையா? அதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

பச்சைமிளகாய்:
ஆறு என்றால் ஆறு. மோதிரத்தில் பெயர் பொறித்திருந்தது என்கிறீர்கள். சகுந்தலை கண்ணால் பார்த்துத்தானே எண்ணியிருப்பாள்?

ஓலைச்சுவடி:
பார்த்துத்தான் எண்ணினாள். தமிழ் எழுத்தைப் பார்த்து எண்ணவில்லை. போன மாதம் "அனசூயை"யை "அனுசுயா" என்று எழுதிவிட்டு, திருத்தியவனோடு நான்கு நாள் மல்லுக்கு நின்றவர் நீங்கள். உங்களுக்கு எழுத்தைப் பற்றி நான் என்ன சொல்வது!

நடுச்சாமம்:
மூன்றோ முப்பதோ, அந்த வாக்குறுதிக்குச் சாட்சி யார்? ஆறாம் அங்கத்தில், மோதிரம் கிடைத்தபிறகு, அழுதுகொண்டே தன் கோமாளித் தோழனான விதூஷகனிடம் அவனே சொல்கிறான். அவ்வளவுதான். சொல்கிறவன் யோக்கியதை என்ன? முதல் அங்கத்தில் அந்தப் பெண்களிடம், நான் அரசன் அல்லன், அரசன் அமர்த்திய அதிகாரி என்று பொய். இரண்டாம் அங்கத்தின் முடிவில், அந்தப்புரத்தில் உளறிவிடுவானோ என்று பயந்து, சகுந்தலையைப் பற்றிச் சொன்னதெல்லாம் விளையாட்டு என்று இதே விதூஷகனிடம் பொய். இரண்டும் சாபத்துக்கு முன்னால் சொன்னவை. இதற்கெல்லாம் எந்த முனிவரைப் பிடித்துக்கொண்டு வருவீர்கள்?

ஓலைச்சுவடி:
அரசன் மாறுவேடத்தில் பேசுவது பொய்யாகாது. ஐந்தாம் அங்கத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். ஹம்சபதிகை உள்ளே பாடுகிறாள், மாம்பூவை மறந்த வண்டைப் பற்றி. கேட்டதும் அவன் மனம் காரணம் தெரியாமல் கனக்கிறது. மறந்தும் மறக்காத அந்தத் தவிப்பை வியாசரின் அரசனிடம் காட்டுங்கள், பார்க்கலாம். கெட்டவனை நல்லவனாக்க எவனும் ஒரு சாபத்தைச் செருகிவிடலாம். அந்தப் பாட்டைக் காளிதாசனைத் தவிர யார் வைப்பார்? எழுத்து மூன்றுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன்.

நடுச்சாமம்:
பாடியவள் யார் ஐயா? அவளும் அவனால் ஒருமுறை கொஞ்சப்பட்டு, அரசி வசுமதி வந்தபின் ஓரங்கட்டப்பட்டவள். அவளைச் சமாதானப்படுத்தத் தான் போகாமல் விதூஷகனை அனுப்புகிறான். நீங்கள் மெய்சிலிர்க்கும் பாட்டு அவன்மீது வைத்த புகார்.

குளத்துமேடு:
நீங்கள் எல்லாரும் 1940இல் வந்த படத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஜி.என்.பி. துஷ்யந்தன், எம்.எஸ். சகுந்தலை. அந்தக் குரலைக் கேட்டவர்களுக்கு அவன்மேல் கோபம் வருமா? ஆளை நல்லவனாக்க சாபம் எதற்கு, சங்கீதம் போதும்.

பச்சைமிளகாய்:
அதனால்தான் சொல்கிறேன், நம் இளங்கோ இப்படியெல்லாம் செய்யவில்லை. கோவலனுக்கு மோதிரமும் இல்லை, சாபமும் இல்லை.

ஓலைச்சுவடி:
இல்லையா? சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையைப் பிரித்தாவது பார்த்ததுண்டா? முற்பிறப்பில் சங்கமனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்லச் செய்தவன், சங்கமன் மனைவி நீலி இட்ட சாபம் என்று மதுராபதித் தெய்வம் வரிவரியாகச் சொல்கிறது. சாபமே இல்லையாம்! ஆறு எழுத்து எண்ணியவரிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது.

நடுச்சாமம்:
அந்தச் சாபம் கோவலன் செத்தபின் வருகிறது. அதற்கு முன்பே, மதுரைக்கு வந்து, கண்ணகி சமைத்துப் போட்ட சோற்றை உண்டு முடித்தவுடன், "சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்" என்று தானே வாய்விட்டுச் சொல்லிவிடுகிறான். அந்த ஒரு வரியில் அவன்மேல் எனக்கிருந்த கோபம் பாதி போய்விட்டது. துஷ்யந்தன் ஏழாம் அங்கத்தில் காலில் விழுகிறான், உண்மைதான். ஆனால் மாரீச முனிவர் சாபத்தைச் சொன்ன கணத்தில் என்ன செய்கிறான்? பெருமூச்சு விட்டு, "பழியிலிருந்து விடுபட்டேன்" என்கிறான். அவள் பட்டது நினைவுக்கு வரவில்லை. தன் பேர் தப்பியதுதான் முதலில் வருகிறது.

குளத்துமேடு:
எனக்கு அந்த மீனவனைத்தான் பிடிக்கும். மோதிரத்தைக் கண்டெடுத்ததற்குக் காவலர்களிடம் அடி, பரிசு கிடைத்ததும் அதில் பாதி அதே காவலர்களுக்கு! கெண்டை மீன் வயிற்றில் இருந்ததாம்.

பச்சைமிளகாய்:
கெண்டை அன்று, ரோகு. மூலத்தில் ரோகிதம்.

குளத்துமேடு:
ரோகுவும் கெண்டை இனம்தான். மீன் கடைப்பக்கம் போயிருந்தால் தெரிந்திருக்கும்.

ஓலைச்சுவடி:
மீனை விடுங்கள். மறைமலையடிகள் 1907இலேயே இந்த நாடகத்தைத் தமிழில் தந்துவிட்டார். அதையாவது ஒருமுறை படித்துவிட்டு வரக் கூடாதா? என் மாணவன் ஒருவன்கூட என்னிடம் ஆறு என்று சொன்னதில்லை.

பச்சைமிளகாய்:
பிரம்புக்குப் பயந்திருப்பான்.

மழைக்காகம்:
மறுபடியும் கேட்கிறேன். எந்தத் துஷ்யந்தன்?

நடுச்சாமம்:
சரி, உங்கள் கணக்கே இருக்கட்டும். மூன்று நாளில் ஆளனுப்ப முடிந்தவன், புறப்பட்ட அன்றைக்கே அவளையும் தேரில் ஏற்றிக்கொண்டு போயிருக்கலாமே? அவளை வளர்த்த கண்வர் வரட்டும் என்று காத்தானா? திருமணத்துக்குக் காத்தானா என்ன?

ஓலைச்சுவடி:
இதற்கும் எழுத்துக்கும் என்ன தொடர்பு? து, ஷ்ய, ந்த. விரல் விட்டு எண்ணிக்கொள்ளுங்கள்.

பச்சைமிளகாய்:
"ன்" எங்கே போயிற்று? அதையும் மீன் விழுங்கிவிட்டதா?