மானியக் கோரிக்கை மக்களவையில் நிறைவேறினால் புளியரை மலைச்சாலைக்குப் பணம் வந்துவிடுமா?

செங்கோட்டை மினிலாரி எழுதியது:

தென்காசிச் சந்தையிலிருந்து புனலூருக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் மினிலாரி ஒன்று என்னிடம் உள்ளது. வாரத்தில் ஐந்து நாள் கொல்லம்–திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை 744-ல் புளியரை ஏற்றத்தைக் கடக்கிறேன். எஸ் வளைவுக்குச் சற்று மேலே மலைப்பக்க ஓடை சருகால் அடைபட்டிருப்பதால், சாரல் காலம் முழுவதும் தண்ணீர் சாலைக்குக் குறுக்கே ஓடுகிறது. தார் ஓரத்திலிருந்து அரிபட்டு, இடது சக்கரம் இறங்கும் இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் விழுந்துவிட்டது. இரண்டு முறை பேட்ச் ஒர்க் செய்தார்கள். இரண்டாம் முறை போட்ட ஜல்லி ஒரே மாதத்தில் பெயர்ந்து ஓரத்தில் குவிந்தது. ஓடையை யாரும் தொடவே இல்லை.

சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தன் ஆண்டுச் செலவுக்கு அனுமதி கேட்டு வைக்கும் மானியக் கோரிக்கை மீது மக்களவையில் நடக்கும் விவாதத்தைத் தொலைக்காட்சியில் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ஒவ்வொரு உறுப்பினரும் தம் தொகுதியின் பாலத்தையும் புறவழிச்சாலையையும் கேட்கிறார். அமைச்சர் லட்சம் கோடிகளில் பதில் சொல்கிறார். அங்கே கோரிக்கை நிறைவேறுவதற்கும் இங்கே ஓடை தூர்வாரப்படுவதற்கும் ஏதேனும் தொடர்பு உண்டா? டீசலில் நான் கட்டும் சாலை வரி எங்கே போகிறது?

பழைய சாலை ஆய்வாளர் எழுதியது:

அண்ணாச்சி, நெடுஞ்சாலைத் துறையில் சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தொடர்பு உண்டு, ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் அளவுக்கு நேரடியான தொடர்பு அன்று.

மக்களவை ஒப்புதல் தருவது ஒரு மொத்தத் தொகைக்கு. 2025-26-ல் அந்த அமைச்சகத்துக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 2.87 லட்சம் கோடி ரூபாய். அதில் பெரும்பங்கு தேசிய நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் புதிய பணிகளுக்கும் போகும்; பராமரிப்புக்கு வருவது மெல்லிய கீற்றுதான். எந்த வளைவில் எந்த ஓடை என்பதை அவை முடிவு செய்வதில்லை. ஆணையத்திடம் ஒப்படைக்கப்படாத தேசிய நெடுஞ்சாலைகளில், மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவுதான் மத்திய அரசின் முகவராக எஸ்டிமேட் போட்டு அனுப்பி, ஒப்புதல் வந்தபின் டெண்டர் விடும். உங்கள் ஓடை அந்த எஸ்டிமேட்டில் ஒரு வரியாக இடம்பெறாவிட்டால், டெல்லியில் எத்தனை மணி நேரம் விவாதித்தாலும் மண்வெட்டி வராது. நான் பணியில் இருந்தபோதும் தார் போடுவதற்குக் கிடைத்த ஒப்புதல் வடிகாலுக்கு எளிதில் கிடைத்ததில்லை. தார் கண்ணுக்குத் தெரியும், சருகு தெரியாது.

வரியைப் பற்றிக் கேட்டீர்கள். டீசலில் நீங்கள் கட்டும் சாலை மேல்வரி மத்திய சாலை நிதிக்கென வசூலாவது. ஜெயகர் குழுவின் பரிந்துரைப்படி 1929-ல் தொடங்கிய அந்த நிதிக்கு 2000-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. 2018-ல் அது சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி ஆயிற்று. பெயரில் ‘உள்கட்டமைப்பு’ சேர்ந்தபோதே சாலைக்கு வெளியேயும் அந்தப் பணம் போக வழி திறந்துவிட்டது. இந்த வகை மேல்வரி, அரசியலமைப்பின் 270-ஆம் பிரிவின்படி, மாநிலங்களோடு பகிர வேண்டிய தொகுப்பில் சேராது. அதனால்தான் மாநிலங்களவையிலும் மக்களவையிலும் மாநிலக் கட்சிகள் இதை ஓயாமல் எழுப்புகின்றன.

ஆரியங்காவு தோட்டத்துப் பையன் எழுதியது:

மேலே ஆய்வாளர் அண்ணாச்சி சொன்னது சரி. ஆனால் பணம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். தேசிய நெடுஞ்சாலை 66-க்கு நிலம் எடுக்கும் செலவில் 25 சதவீதத்தைக் கேரள அரசே ஏற்றது. அந்த வகையில் 5,580 கோடி ரூபாய் கொடுத்தது. அப்படியிருந்தும் 2025 மே மாதம் மலப்புறம் மாவட்டம் கூரியாட்டில் உயர்த்திக் கட்டிய சாலை வயல்வெளியில் சரிந்து விழுந்தது. அரசுச் செலவை ஆராயும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு வரை அந்த விவகாரம் போயிற்று. அதற்கு முன்பே, 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் (சிஏஜி) அறிக்கை, பாரத்மாலா என்ற மத்திய நெடுஞ்சாலைத் திட்டத்தின் முதற்கட்டத்தில் கிலோமீட்டருக்கு 15.37 கோடி ரூபாய் என மதிப்பிட்டது 32.17 கோடி ரூபாயாக ஏறியதைச் சொல்லியிருந்தது. அவையில் பேசியதைவிடக் குழுவில் படித்ததுதான் ஒப்பந்ததாரரைத் தொடுகிறது என்பது என் கருத்து.

இன்னொன்று. 2018 ஜூலையில் லாரிகளின் அனுமதிக்கப்பட்ட எடையை அரசு ஏற்றியது. மூன்று அச்சு லாரிக்கு 25 டன் 28.5 டன் ஆயிற்று. அவையில் வாக்கெடுப்பு இல்லை, ஒரு அறிவிக்கைதான். அச்சின் எடை கூடினால் சாலைச் சேதம் ஏறத்தாழ அதன் நான்காம் அடுக்காகக் கூடும் என்பது பொறியாளர்களின் கணக்கு. அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடினாலே சேதம் இரட்டிப்பாகும். தென்காசியிலிருந்து எம் சாண்டும் ஜல்லியும் ஏற்றிவரும் டாரஸ் லாரிகள் ஆரியங்காவு ஏற்றத்தில் முதல் கியரில் முனகுவதைக் கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. அவை அந்தப் புதிய வரம்புக்குள்தான் ஓடுகின்றனவா என்பது வேறு வழக்கு.

செங்கோட்டை மினிலாரி எழுதியது:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் என்ன கேட்பது? மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசச் சொல்வதா?

பழைய சாலை ஆய்வாளர் எழுதியது:

பேசச் சொல்லலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஒவ்வொரு ஆண்டும் சில அமைச்சகங்களின் கோரிக்கைகளே மக்களவையில் விவாதத்துக்கு வருகின்றன. மற்றவை கடைசி நாளில் ‘கில்லட்டின்’ முறையில் விவாதமின்றி ஒரே மூச்சில் நிறைவேறிவிடும். உங்கள் ஆண்டில் சாலை அமைச்சகம் எந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது. விவாதம் நடந்து, கோரிய தொகையில் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லும் குறைப்புத் தீர்மானம் கொடுத்தாலும், குறையைப் பதிவு செய்யலாமே தவிர ஆளுங்கட்சியின் பெரும்பான்மையை மீறி அது நிறைவேறாது.

நட்சத்திரமிடாத கேள்விதான் இதற்கு ஏற்றது. ஒரு நாளைக்கு 230 கேள்விகளுக்கு எழுத்து மூலம் பதில் தருகிறார்கள். அந்தப் பதில் பதிவாகிவிடும், அலுவலகத்தில் நீட்டிக் காட்டலாம். ‘சாலை மோசமாக இருக்கிறதா’ என்று கேட்டால் ‘தேவைக்கேற்பப் பராமரிக்கப்படுகிறது’ என்ற ஒரே வரிதான் வரும். ஆகவே இப்படி எழுதிக் கொடுங்கள்: தேசிய நெடுஞ்சாலை 744-ல் புளியரைக்கும் மாநில எல்லைக்கும் இடைப்பட்ட பகுதிக்குக் கடந்த மூன்று ஆண்டுகளில் ஒப்புதலான பராமரிப்புத் தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு, வடிகால் பணி அதில் சேர்ந்ததா, பழுதை ஒப்பந்ததாரரே சரிசெய்ய வேண்டிய குறைபாட்டுப் பொறுப்புக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது. பள்ளத்தின் அருகிலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண்ணையும் மறக்காமல் சேர்த்துவிடுங்கள். கல் புதருக்குள் மறைந்திருக்கும். நாளை புனலூர் போகும்போது இறங்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டு வாருங்கள்.